ஒப்பமிடுமுன் மொட்டைமாடிக்கு ஏறுங்கள்

தெருவைத் தோண்டாமலும், கம்பத்துக்குக் கம்பம் கேபிள் இழுக்காமலும், அருகிலுள்ள செல்போன் கோபுரத்திலிருந்து காற்றின் வழியாகவே வீட்டுக்கு அதிவேக இணையத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு நம் தேசத்தில் பரவத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகின்றன. 2023 ஆகஸ்டில் ஏர்டெல் நிறுவனம் டில்லியிலும் மும்பையிலும் இதைத் தொடங்கிற்று; அதே ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி, விநாயக சதுர்த்தியன்று, சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் ஜியோ தொடங்கிற்று. ஃபைபர் கேபிள் எப்போது வரும் என்று காத்துக் கிடந்த புறநகர்க் குடும்பங்களுக்கும், சொந்த ஊரில் இருந்துகொண்டே நகரத்து அலுவலக வேலையைப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கும் இது பெரும் சகாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகையால் இந்த வசதியே வேண்டாம் என்பது என் கட்சியன்று. நம் வீட்டில், நாம் உட்காரும் அறையில், நாம் உபயோகிக்கும் வேளையில் அது என்ன வேகம் தருகிறது என்று அளந்து பாராமல் ஒரு வருஷத்துக்கு நம்மை நாமே கட்டிப்போட்டுக்கொள்ளலாகாது என்பதும், அந்த அளவை எழுத்தில் தரும் கடமை விற்பவருடையது என்பதுமே நான் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

கேபிள் வழி வரும் இணையத்தில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் எழுவதில்லை. வாசல் வரை கேபிள் வந்துவிட்டதென்றால், எதிர்வீட்டுக்காரர் பெறும் வேகத்தை நாமும் ஏறக்குறையப் பெறுவோம். காற்றில் வரும் அலைக்கு அத்தகைய ஸ்திரம் கிடையாது. 2022-ஆம் ஆண்டு நடந்த ஏலத்தில், இந்த ஏற்பாட்டுக்கு ஆதாரமான 5ஜி சேவைக்காக விற்கப்பட்ட அலைவரிசைகளில் 700 மெகாஹெர்ட்ஸ் அலை, நாற்பது சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நீளமுடையதாதலால், சுவரையும் தோப்பையும் ஓரளவு ஊடுருவி நெடுந்தூரம் செல்லும். ஆனால் அதன் கொள்ளளவு குறைவு. எட்டு ஒன்பது சென்டிமீட்டர் நீளமுள்ள 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை மிகுந்த டேட்டாவைச் சுமக்கும். ஆனால் ஒவ்வொரு சுவரிலும் தன் பலத்தில் ஒரு பங்கை இழக்கும். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான 26 கிகாஹெர்ட்ஸ் அலையோ ஏராளமாகச் சுமக்க வல்லது. எனினும் ஒரு கான்கிரீட் சுவரோ, அடர்ந்த வேப்பமரமோ குறுக்கிட்டால் சோர்ந்துபோகும். பலத்த மழையிலும் தளர்ந்துவிடும். இத்தகைய குற்றலைகளை 1890-களிலேயே கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் உண்டாக்கி, எந்தப் பொருள் அவற்றைத் தடுக்கும், எது வழிவிடும் என்று பரீட்சித்துக் காட்டியவர் ஜகதீச சந்திர போஸ். அவர் நாளிலிருந்து இயற்கையின் நியதி மாறவில்லை. ஒரே தெருவில் மூன்றாம் வீட்டில் அமோகமாக ஓடும் இணையம் ஏழாம் வீட்டில் தள்ளாடுவதற்கு அந்த நியதியே காரணம்.

அப்படியானால் நிறுவனங்கள் வெளியிடும் வரைபடங்களைப் பார்த்து முடிவு செய்யலாகாதா என்று கேட்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ஆம் ஆண்டு வகுத்த சேவைத் தர விதிகளின்படி, எந்தத் தொழில்நுட்பம் எவ்விடத்தில் கிடைக்கிறது என்பதைக் காட்டும் வரைபடங்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். இது பாராட்டத்தக்க நடவடிக்கை. கோபுரங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்பதை, 2017-இல் மத்திய அரசு தொடங்கிய தரங் சஞ்சார் தளத்திலும் பார்த்துக்கொள்ளலாம். இவ்விரண்டையும் முதலில் பார்ப்பது அவசியம். ஆனால் இவை போதுமானவை அல்ல. வரைபடத்தில் வர்ணம் பூசப்பட்ட இடமெல்லாம், அங்கே நின்று செல்போனில் பேசினால் சிக்னல் கிடைக்கும் என்ற அளவுக்கே உத்தரவாதம். இரண்டு சுவர்களுக்கு உள்ளே இருக்கும் படிக்கும் அறையைப் பற்றியோ, இரவு ஒன்பது மணிக்கு அதே கோபுரத்தை எத்தனை குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லாது.

தாம்பரத்துக்கு அப்பால் வீடு கட்டிக் குடியேறிய என் பெரியம்மா மகள், ஓய்வு பெற்ற ஆசிரியை, இந்த இணைப்பைப் பெற்றபோது நான் உடனிருந்தேன். வருஷம் முழுவதற்கும் பணம் கட்டினால் பொருத்தும் கட்டணம் இல்லை என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி, ஆள் வருமுன்பே முழுத் தொகையையும் கட்டியிருந்தார். பொருத்த வந்த இளைஞர், கோபுரத்து அலையை வாங்கும் வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, கைப்பிடிச் சுவரின் ஒவ்வொரு மூலையிலும் வைத்து வைத்துத் தம் செல்போனில் தோன்றும் எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தார். “இந்த மூலையில மைனஸ் நூத்தி எட்டு காட்டுதும்மா. தண்ணித்தொட்டிப் பக்கம் போனா மைனஸ் எம்பத்தாறு வருது. ஆனா கேபிள் இன்னும் பதினஞ்சு மீட்டர் வேணும்” என்றார். “பணம் வாங்கும்போது இதையெல்லாம் யாரும் சொல்லலையேப்பா?” என்று அக்கா கேட்டதற்கு, “சேல்ஸ் வேற ஆளுங்கம்மா, நான் ஃபிட்டிங் மட்டும்தான்” என்று பணிவாகவே பதில் சொன்னார்.

அந்த இரண்டு எண்களும் சிக்னலின் பலத்தைக் குறிப்பவை. பத்து எண் இறங்கினால் பலம் பத்தில் ஒன்றாகக் குறையும் கணக்கு அது. ஆகவே ஒரே மொட்டைமாடியின் இரு மூலைகளுக்கிடையே நூறு மடங்குக்கும் மேலான வித்தியாசம் இருந்தது. மைனஸ் தொண்ணூறுக்கு மேற்பட்டால் நல்லது, நூற்றைத் தாண்டிக் கீழே போனால் கவலைக்கிடம் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். நல்லவேளையாகத் தொட்டிப் பக்கமே பெட்டி பொருத்தப்பட்டது. சில மாதங்கள் குறையொன்றுமில்லாமல் ஓடிற்று. பிறகு பக்கத்துக் காலிமனையில் மூன்று மாடி எழும்பிக் கோபுரத்தை மறைத்தது. மாணவர்களுக்கு அக்கா ஆன்லைனில் நடத்திவந்த கணித வகுப்பில் படம் உறைந்து நிற்கலாயிற்று. நிறுவனத்தைக் கேட்டால், வருஷத் திட்டத்தில் பணம் திரும்பாது என்ற ஒற்றை வாக்கியமே மீண்டும் மீண்டும் பதிலாக வந்தது.

இதில் அந்த இளைஞர்மீது எனக்கு வருத்தமில்லை. அவர் தம் காரியத்தைச் சரியாகவே செய்தார். அளந்து அறிகிறவர் ஒருவர், விலை பேசுகிறவர் வேறொருவர் என்று காரியத்தைப் பிரித்துவைத்து, அளப்பதற்கு முன்பே பணத்தை வாங்கிக்கொள்ளும் அந்த வரிசைக்கிரமம்தான் தவறு. அரை கிரவுண்டு மனை வாங்குவதற்கு முப்பது வருஷ வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிற ஜாக்கிரதை உள்ள ஜனங்கள், இணைய விஷயத்தில் மட்டும் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது, அவர்களுக்குப் பார்க்க வேண்டியது இன்னதென்று யாரும் சொல்லிக் கொடுக்காததனாலேயே.

பார்க்க வேண்டியவை அப்படியொன்றும் கடினமானவை அல்ல. எந்த நிறுவனத்தின் இணைப்பை வாங்க எண்ணுகிறோமோ அதே நிறுவனத்தின் சிம் உள்ள 5ஜி செல்போனை எடுத்துக்கொண்டு, மொட்டைமாடியிலும், பெட்டி வைக்கக்கூடிய ஜன்னலோரத்திலும் டிராயின் மைஸ்பீட் போன்ற செயலியால் வேகத்தை அளக்கலாம். காலையில் ஒருமுறை அளந்து திருப்தியடைவது பயனற்றது. கோபுரத்தின் கொள்ளளவு அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் பொதுவாதலால், நெரிசல் மிகுந்த இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரை, வாரநாளிலும் விடுமுறை நாளிலும் அளக்க வேண்டும். இறக்கும் வேகத்தோடு ஏற்றும் வேகத்தையும் பார்க்க வேண்டும். இந்தச் சேவைகளில் அலையின் பெரும்பங்கு இறக்குவதற்கே ஒதுக்கப்படுவதால், வீடியோவில் பாடம் நடத்துகிறவரும் பெரிய கோப்புகளை அனுப்புகிறவரும் ஏற்றும் வேகத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். கோபுரம் இருக்கும் திசையில் காலிமனை உண்டா, வளர்கிற மரம் உண்டா என்று நோக்குவதும், வடகிழக்குப் பருவமழையில் இணைப்பு எப்படியிருந்தது என்று ஏற்கெனவே அதை வைத்திருக்கும் அண்டைவீட்டாரை விசாரிப்பதும் மிகுந்த பிரயோஜனம் தரும். அடுக்குமாடியில் குடியிருப்போர் மொட்டைமாடியில் பெட்டி பொருத்தச் சங்கத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறுவது நல்லது. வீட்டு சிசிடிவி கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க விரும்புவோர், தனி ஐபி முகவரி கிடைக்குமா என்று கேட்டுவைப்பது நல்லது. மாதாந்தர டேட்டா வரம்பு என்ன, அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவு குறையும் என்பதும் ஒப்பந்தத்தில் தேடிப் படிக்க வேண்டிய வரிகள். கேபிள் அறுந்துபோகும் தொல்லை இதில் இல்லையென்றாலும் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் செல்போன் சேவையே நின்றுபோனதை நாம் மறந்துவிடலாகாது.

பணக் கணக்கையும் நிதானமாகப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 599 ரூபாய்த் திட்டத்தை ஒரு வருஷத்துக்குக் கட்டினால், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 8,480 ரூபாய்க்கு மேல் ஆகும். பொருத்தும் கட்டணமான ஆயிரம் ரூபாயைச் சேமிப்பதற்காக எட்டாயிரத்தை ஆபத்துக்கு உட்படுத்துவதைவிட, அந்த ஆயிரத்தைக் கொடுத்துவிட்டு, இருப்பதில் மிகக் குறுகிய காலத் திட்டத்தில் சேர்ந்து, அனுபவம் கண்ட பிறகு நீடிப்பதே விவேகம்.

ஆனால் நுகர்வோரின் விவேகத்தை மட்டும் நம்பி இந்தப் பெருவியாபாரத்தை நடக்கவிடுவது நியாயமன்று. சட்டம் கைவிட்டுவிடவில்லை என்பது உண்மை. தொலைத்தொடர்புக் குறைகளுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அநியாயமான ஒப்பந்தங்களை எதிர்த்து முறையிடவும் இடம் தருகிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. எனினும் 2023-இல் மத்திய அரசு திருத்தியமைத்த வரையறையின்படி, 2 எம்பிபிஎஸ் வேகம் வந்தாலே அது பிராட்பேண்ட் ஆகிவிடுகிறது. நூறு எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டியவருக்கு அந்த வரையறையால் என்ன ரட்சிப்பு? தமக்கு வாக்களித்த வேகம் எது, கிடைத்தது எது என்பதற்கு ஆதாரம் கையில் இல்லாதபோது ஆணையத்தின் படியேறி அவர் எதைக் காட்டுவார்?

ஆகவே டிராய் மூன்று காரியங்களை விதியாக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பொருத்தும் நாளில் அளந்த சிக்னல் பலத்தையும், இறக்கும் வேகத்தையும், ஏற்றும் வேகத்தையும் எழுதி, குறைந்தபட்சம் தர ஒப்புக்கொள்ளும் வேகத்தையும் குறித்து, வாடிக்கையாளர் கையில் ரசீதாகக் கொடுக்க வேண்டும். பதினைந்து நாள் பரீட்சைக் காலம் அளித்து, அதற்குள் வேண்டாமென்றால் முழுப் பணத்தையும் திருப்ப வேண்டும். அதன் பின்னர் வேகம் குறைந்து, முறையிட்டும் முப்பது நாளில் சீர்படவில்லையென்றால், எஞ்சிய மாதங்களின் பணத்தைக் கணக்கிட்டுத் தந்து விடுவிக்க வேண்டும். இவை ஆகாயக் கோட்டைகள் அல்ல. பிரிட்டனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் பிராட்பேண்ட் வேக நெறிமுறையில் சேர்ந்த நிறுவனங்கள் 2019 மார்ச் முதல் விற்கும்போதே குறைந்தபட்ச வேகத்தைச் சொல்கின்றன. அதற்குக் கீழே இறங்கினால் முப்பது நாளில் சரிசெய்கின்றன, இல்லையேல் அபராதமின்றி விடுவிக்கின்றன. அமெரிக்காவில் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி வெளியிடும் தேசிய இணைய வரைபடத்தில், ஒருவரது முகவரிக்கு இணையம் கிடைக்கும் என்று ஒரு நிறுவனம் சொல்வது தவறென்றால் அதை மறுத்துரைக்கும் வழி சாமானியனுக்கே திறந்திருக்கிறது. நம் வரைபடங்களுக்கும் அந்த வாசல் வேண்டும்.

காற்றில் வரும் அலை மாறும் சுபாவமுடையது, அதற்கு எப்படி உத்தரவாதம் தருவது என்று நிறுவனங்கள் ஆட்சேபிக்கும். அலை மாறுவது மெய். பரீட்சைக் காலம் தருவதில் ஆள் கூலியும் பெட்டிச் செலவும் உண்டென்பதும் மெய். ஆனால் மாறக்கூடியது என்று விற்பவருக்கே தெரிந்த ஒரு பொருளுக்கு, மாறவே கூடாத ஒரு வருஷ ஒப்பந்தத்தை விதித்து, மாற்றத்தின் நஷ்டம் முழுவதையும் வாங்குகிறவர் தலையில் சுமத்துவதற்கு அந்த நியாயம் எவ்விதத்திலும் இடம் கொடாது. அளக்கும் கருவி பொருத்துகிறவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அவர் காணும் எண்ணை ஒரு தாளில் எழுதித் தரச் செலவே இல்லை. விதி வரும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பணம் கட்டுமுன்பே ஆளை அனுப்பி மொட்டைமாடியில் அளக்கச் சொல்லுங்கள். அளந்த எண்ணைத் தேதியிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் நிறுவனத்துக்கு ஒரு வருஷப் பணத்தைத் தர நீங்களும் மறுத்துவிடுங்கள்.