மோட்டார் வேகக் கட்டுப்பாடும் பிழை காணும் கலையும்

மின்சார மோட்டாரின் வேகத்தை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் மனிதன் கற்ற வரலாற்றைத் தில்லி மாநகரின் வீதிகளிலேயே காணலாம். 1908 முதல் 1963 வரை இந்நகரில் டிராம் வண்டிகள் ஓடின. அக்கால டிராம்களில் மோட்டாருடன் மின்தடைகளைத் தொடராக இணைத்தும் நீக்கியும் வேகத்தை மாற்றுவது வழக்கம். அத்தடைகளில் மின்சக்தியின் ஒரு பகுதி வெப்பமாக வீணாயிற்று. 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலிலோ, மின்னோட்டத்தை அதிவிரைவாக இணைத்தும் துண்டித்தும் செயற்படும் மின்னணுச் சாதனங்கள் இப்பணியைச் செய்கின்றன. இணைத்துத் துண்டிக்கும் இவ்வுத்தியைத்தான், மிகச் சிறிய அளவில், இன்று பள்ளி மாணவனும் தன் மேசைமீது அமைத்துப் பார்க்கிறான்.

செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லாஜ்பத் ராய் சந்தையில் இதற்கு வேண்டிய உறுப்புகள் எளிதிற் கிடைக்கும். 1972-இல் விற்பனைக்கு வந்து இன்றளவும் வழக்கில் உள்ள 555 என்னும் காலக்கணிப்புச் சில்லு ஒன்று, மாஸ்பெட் வகை டிரான்ஸிஸ்டர் ஒன்று, சில தடைகளும் கண்டென்ஸர்களும் போதும். சில்லு துடிப்புகளை உண்டாக்க, அவற்றிற்கேற்ப டிரான்ஸிஸ்டர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. திறந்திருக்கும் நேரம் மிகுந்தால் வேகம் மிகும். குறைந்தால் வேகம் தணியும்.

வரைபடத்தைப் பார்த்து இதனைக் கட்டுவது அரிதன்று. கட்டியது இயங்காதபோதுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. பலரும் அப்போது செய்வது யாது? டிரான்ஸிஸ்டரைக் கழற்றி எறிந்துவிட்டுச் சந்தைக்குச் சென்று மற்றொன்றை வாங்கி வருகின்றனர். அதுவும் தீய்ந்தால் மூன்றாவதை நாடுகின்றனர். பொருளும் பொழுதும் செலவாகின்றன. அறிவு மட்டும் வளர்வதில்லை. இறுதியில், இஃது எனக்கு வாராத கலை என்று மாணவன் கைவிடுகிறான். பெரிய நஷ்டம் அதுவே.

முறைப்படி ஆராய்ந்தால் பிழை தானே வெளிப்படும். 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சுற்றை உதாரணமாகக் கொள்வோம். முதலில் மோட்டாரை நீக்கி, அதனிடத்தில் மோட்டார் சைக்கிளில் பயன்படும் 12 வோல்ட் சிறு பல்பு ஒன்றை இணைக்க வேண்டும். குமிழைத் திருப்ப ஒளி சீராகக் கூடிக் குறையுமாயின் சுற்றின் அடிப்படை செம்மையாக உள்ளது எனலாம். பல்பு எப்போதும் முழு ஒளியுடன் எரிந்தால், கேட் முனைக்கு வரும் கம்பியை விடுவித்து, அம்முனையை 10,000 ஓம் தடை வழியாக எதிர்முனையுடன் சேர்க்க வேண்டும். அப்போதும் பல்பு அணையாவிடில் டிரான்ஸிஸ்டரே பழுதுற்றது. பல்பு சிறிதும் எரியாவிடில் சில்லின் வெளியீட்டை நேர்மின் வோல்ட்மீட்டரால் அளக்க வேண்டும். குமிழைத் திருப்பும்போது அளவு மாறாவிடில் பிழை சில்லின் பகுதியில் உள்ளது. மாறினால் டிரான்ஸிஸ்டர் பக்கத்தில் உள்ளது.

பல்புடன் நன்கு இயங்கிய சுற்று மோட்டாருடன் பழுதாவது ஏன்? மோட்டாரில் கம்பிச் சுருள் உள்ளது. மின்னோட்டம் திடீரெனத் துண்டிக்கப்படும்போது சுருள் உயர்ந்த மின்னழுத்தத்தை எழுப்பி டிரான்ஸிஸ்டரைத் தாக்குகிறது. மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே, மின்னோட்டத்திற்கு மாற்று வழி தரும் விரைவு டையோடு ஒன்றைத் தலைகீழாக இணைப்பது இதற்குப் பரிகாரம். மேலும், பல மாஸ்பெட்டுகள் முழுமையாகத் திறக்கக் கேட் முனையில் 10 வோல்ட் அளவு வேண்டும். அவற்றை 5 வோல்ட் கருவியால் இயக்கினால் அரைகுறையாகத் திறந்து சூடேறும். புதிய டிரான்ஸிஸ்டரை எத்தனை முறை மாற்றினும் இக்குறைகள் நீங்கா.

எச்சரிக்கை ஒன்று இன்றியமையாதது. மேற்கூறிய சோதனைகள் தாழ்ந்த மின்னழுத்தத்திற்கே உரியவை. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் நேரே இணையும் சுற்றுகளில் எந்த முனையைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். பயிற்சி பெற்றோரின் மேற்பார்வையின்றி அவற்றில் கை வைத்தலாகாது.

2016 முதல் அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் செய்முறைக் கூடங்கள் நிறுவப்பட்டுள்ளன. அங்கெல்லாம் இயங்கும் கருவிக்கே பாராட்டு என்னும் மனப்பான்மை மாற வேண்டும். மாணவர்க்கு அளிக்கும் ஒவ்வொரு வரைபடத்திலும், எந்த முனையில் எவ்வளவு வோல்ட் இருத்தல் வேண்டும் என்னும் அட்டவணையும் இடம்பெற வேண்டும். பழுதான சுற்றை ஆசிரியரே வேண்டுமென்று கொடுத்து, காரணத்தைக் கண்டு எழுதுவோர்க்கு மதிப்பெண் வழங்குவது சாலச் சிறந்தது. ஊகித்தல், சோதித்தல், ஒவ்வாததை விலக்குதல் என்னும் விஞ்ஞான முறையை ஒரு சிறிய மோட்டாரும் ஒரு பல்பும் கற்பிக்க வல்லன. தன் கருவி ஏன் இயங்கவில்லை என்று விளக்கத் தெரிந்த மாணவனே அதனை உண்மையில் அமைக்கத் தெரிந்தவன்.