சீனக் கடனும் எங்கள் கையெழுத்தும்

"சீனாவின் கடன் பொறியில் இலங்கை சிக்கிக்கொண்டது" என்ற வசனம் இல்லாத விடைத்தாள் இப்போதெல்லாம் என் கைக்கு வருவது அரிது. பொருளியல் கற்பிக்கும் எனக்கு அது பாடமாகிப் போய்விட்டது. பேச்சுப் போட்டியிலும் அதே வசனம், கல்யாண வீட்டுப் பந்தலிலும் அதே வசனம். அது முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைச் சொன்னதும் நாங்கள் யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம். சீனாவிடம் அவ்வளவு பணம் ஏன் இருந்தது, அது ஏன் வெளியே வந்தது, நாங்கள் ஏன் கை நீட்டினோம் என்று கேட்பவர் இல்லை. கேட்பதென்றால் 2008 ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போகவேண்டும்.

அந்த ஆண்டு செப்டெம்பர் 15 ஆம் திகதி அமெரிக்காவின் லீமன் பிரதர்ஸ் வங்கி முறிந்தது. திருப்பிக் கட்ட வழியில்லாதவர்களுக்கும் வீட்டுக்கடன் கொடுத்து, அந்தக் கடன்களைப் பத்திரங்களாகக் கட்டி உலகமெங்கும் விற்றிருந்தார்கள். கட்டவேண்டியவர்கள் கட்டவில்லை, பத்திரங்கள் வெறுங்காகிதமாயின. எங்கள் ஊரில் அப்போது அதைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. பாலையூற்றிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் மக்களுக்கு யோசிக்க வேறு விடயங்கள் இருந்தன: சோதனைச் சாவடி, கடலுக்குப் போகத் தடை, இடம்பெயர்ந்தவர்களின் வீடு வாசல். உலகத்தின் நெருக்கடி எங்கள் நெருக்கடிக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

சீன வங்கிகளிடம் அந்த அமெரிக்கப் பத்திரங்கள் அதிகம் இருக்கவில்லை. அதனால் சீனா தப்பிவிட்டது என்று பலர் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். வங்கி தப்பியது. தொழிற்சாலை தப்பவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மக்கள் செலவைக் குறைத்ததும், அவர்களுக்குச் சப்பாத்தும் விளையாட்டுப் பொருளும் உடுப்பும் செய்து கொடுத்த குவாங்டொங் மாகாணத்துக்கு ஓடர் நின்றது. டொங்குவான் நகரில் 2008 ஒக்டோபரில் ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் தொழிற்சாலை மூடப்பட்டபோது ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். 2009 ஆரம்பத்தில் சீன அரசே சொன்ன கணக்கு: கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு வேலைக்கு வந்தவர்களில் சுமார் 2 கோடிப் பேர் வேலை இழந்திருந்தார்கள். அது ஏறத்தாழ எங்கள் நாட்டின் முழுச் சனத்தொகை.

அந்த இரண்டு கோடியில் பதினேழு பதினெட்டு வயதுப் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் மாணவிகள் கவனிக்க வேண்டும். ஊரை விட்டு வந்து, விடுதியில் எட்டுப் பேர் பத்துப் பேராய்த் தங்கி, சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பியவர்கள். எங்கள் பிள்ளைகள் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போவதுபோலத்தான். சீனாவின் வளர்ச்சி வீதம் 2007 இல் 14 இருந்தது. 2009 இன் முதல் காலாண்டில் 6 அளவுக்கு இறங்கியது. புள்ளிவிபரத்தில் இது ஒரு கோடு கீழே வளைவது மட்டுமே. அந்தப் பிள்ளைகளுக்கு அது புத்தாண்டுக்கு முன்பே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேறுவது.

வேலையில்லாத இளைஞர் கூட்டத்தைக் கண்டு பீஜிங் பயந்தது. 2008 நவம்பர் 9 இல் 4 டிரில்லியன் யுவான் செலவிடும் திட்டத்தை அறிவித்தது. அன்றைய கணக்கில் சுமார் 586 பில்லியன் டொலர். ரயில் பாதை, பெருந்தெரு, விமான நிலையம், அந்த ஆண்டு மே மாதம் சிச்சுவான் நிலநடுக்கத்தில் இடிந்த ஊர்களைத் திருப்பிக் கட்டுவது என்று பணம் போனது. எல்லாம் அரசின் கைக்காசு என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பகுதி வங்கிக் கடன். 2009 இல் மட்டும் சீன வங்கிகள் 9 டிரில்லியன் யுவானுக்கு மேல் புதிய கடன் கொடுத்தன. வேலை திரும்பியது, வளர்ச்சி திரும்பியது, உலகம் கைதட்டியது. கைதட்டியவர்களில் கடன் எவ்வளவு ஏறியது என்று பார்த்தவர்கள் சிலர்தான். சிமெந்தும் உருக்கும் தேவைக்கு மிஞ்சி உற்பத்தியாகின. ஆள் குடிவராத மாடிவீடுகள் எழுந்தன. 300 பில்லியன் டொலருக்கு மேல் பொறுப்புகளோடு 2021 இல் தடுமாறிய எவர்கிராண்ட் நிறுவனத்தைக் கலைக்கும்படி 2024 ஜனவரியில் ஹொங்கொங் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கதையின் வேரில் ஒன்று 2008 இல் இருக்கிறது.

உள்நாட்டில் வேலை குறைந்த பொறியியல் நிறுவனங்களும், கடன் கொடுக்கக் காத்திருந்த வங்கிகளும் வெளியே பார்த்தன. எங்கள் நாடு 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்து, கட்டுவதற்குத் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டு ஆசைகள் சந்தித்துக்கொண்டன. அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கான முதல் கடன் 2007 இலேயே ஒப்பமாகிவிட்டது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லவேண்டும். ஆனால் மத்தள விமான நிலையம் முதல் தாமரைக் கோபுரம் வரை பெரும்பாலான வேலைகள் அதற்குப் பின்னர்தான் வந்தன. எங்களூரில் சீனாவின் பெயர் இருக்கிறது, சீனக்குடா. ஆனால் அங்கே நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகள் பிரித்தானியர் கட்டியவை, இந்தியாவோடு பங்கு பேசப்படுபவை. சீனாவின் பணம் தெற்கே போனது. இயற்கைத் துறைமுகம் இங்கே சும்மா கிடக்க, அங்கே நிலத்தைத் தோண்டித் துறைமுகம் செய்தார்கள். இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

2017 இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனமொன்றுக்குக் கொடுக்கப்பட்டது. கடனைக் கட்ட முடியாததால் பறித்துக்கொண்டார்கள் என்பார்கள். குத்தகையாகக் கிடைத்த 1.12 பில்லியன் டொலர் அந்தக் கடனைத் தீர்க்கப் போகவில்லை. நாட்டின் டொலர் கையிருப்பைக் கூட்டப் போனது. துறைமுகக் கடன் அப்படியே எங்கள் தலையில்தான் இருந்தது. டொலர் ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது? மற்றக் கடன்காரர்களுக்குக் கட்ட.

அந்த மற்றக் கடன்காரர்கள் யார் என்பதை விடைத்தாள்களில் நான் காண்பதேயில்லை. 2008 க்குப் பிறகு அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூச்சியத்துக்கு அருகே இறக்கியது. நியூயோர்க்கிலும் லண்டனிலும் பணம் வைத்திருந்தோர் கூடிய வட்டி தேடினார்கள். எங்களைப் போன்ற நாடுகள் பிணைமுறிகளை விற்றன. 2007 இல் 500 மில்லியன் டொலருக்கு ஆரம்பித்த பழக்கம் அது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசு அறிவித்தபோது, மிகப் பெரிய பங்கு இந்தப் பிணைமுறிகள்தான். சீனாவின் பங்கு, அரச நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்து, சுமார் ஐந்தில் ஒன்று. சீனாவுக்கு நற்சான்றிதழ் கொடுக்க நான் இதைச் சொல்லவில்லை. ஒருவரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் மற்றவர் மறைந்துவிடுவார்.

பழைய பிணைமுறியைக் கட்டப் புதிய பிணைமுறி. பெற்றோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. யுத்தத்துக்குப் பின் கிழக்குக்கு வந்த நுண்கடன் நிறுவனங்களிடம், ஒன்றில் எடுத்ததைக் கட்ட இன்னொன்றில் எடுத்த தாய்மார் எங்கள் ஒழுங்கைகளில் எத்தனை பேர்! கிழமைத் தவணைக்கு ஆள் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர்! 2018 இல் அரசே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. அந்தக் கடன்களில் கையெழுத்து பெண்ணுடையது. காசு எதற்குப் போனது என்பதைத் தீர்மானித்தது பல வீடுகளில் அவள் அல்ல. வட்டி எவ்வளவு என்று படிவத்தில் வாசித்துப் பார்த்தவர்களும் குறைவு. நாடும் இப்படித்தான் கையெழுத்திட்டது என்பது என் அபிப்பிராயம்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம். அது பேசுவது கடனை எழுதி வைப்பதைப் பற்றி: தவணை, எழுதுபவர், சாட்சிகள், சிறிய தொகையானாலும் சலிப்படையாமல் எழுதுவது. வட்டி கூடாது என்பதை எங்கள் பிள்ளைகள் சிறு வயதிலேயே படித்துக்கொள்கிறார்கள். எழுத வேண்டும், சாட்சி வேண்டும் என்பதை நாங்கள் அதே அழுத்தத்தோடு சொல்லிக் கொடுப்பதில்லை. சீன வங்கிகளின் கடன் ஒப்பந்தங்கள் பலவற்றில் இரகசியம் காக்கும் நிபந்தனை இருப்பதை 2021 இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. சாட்சியில்லாத கடன் அது. கட்டப்போகிறவர்கள் பார்க்க முடியாத ஒப்பந்தத்தை யார் ஒப்பமிட்டாலும் அது தவறு. சீனாவோடு என்றாலும், இந்தியாவோடு என்றாலும், நியூயோர்க்கோடு என்றாலும்.

மறுசீரமைப்பின்படி பிற நாடுகளுக்கான கடன்களின் முதலைக் கட்டுவது 2028 வரை தள்ளிவைக்கப்பட்டு, தவணை 2043 வரை நீளும் என்று அரசு 2024 இல் அறிவித்தது. இன்று பதினாறு வயதில் இருக்கும் மாணவிக்கு அப்போது முப்பதைத் தாண்டிவிடும். அவள் வாங்கும் ஒவ்வொரு பால்மாப் பெட்டியிலும் அந்தத் தவணையின் துளி இருக்கும். ஆகவே அந்த ஒப்பந்தங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக வெளியிடுங்கள் என்று கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் எழுத ஒரு பக்கம் போதும். அதற்கு முன்பாக, இன்றிரவே, வீட்டில் என்னென்ன கடன் இருக்கிறது, எந்த நகை எங்கே அடகில் இருக்கிறது என்று உம்மாவிடமும் வாப்பாவிடமும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதட்டும். பெற்றோரே, பிள்ளை கேட்டால் "உனக்கெதற்கு இந்தக் கணக்கு" என்று சொல்லிவிடாதீர்கள்.