கார் கண்ணாடியும் கறுப்பு ஃபிலிமும்

வெயில் ஏற ஏற, கார் கண்ணாடியில் சன் ஃபிலிம் ஒட்டலாமா கூடாதா என்ற பேச்சு நம் ஊரிலும் கிளம்பிவிடுகிறது. "கேரளாவில் கோர்ட்டே அனுமதித்துவிட்டதே, சார்!" என்கிறார்கள். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா அல்லவா? தீர்ப்பு சீக்கிரம் வந்து சேர்ந்துவிட்டது. அதிலுள்ள நிபந்தனைதான் வந்து சேரவில்லை.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி சொல்வது இது: முன், பின் கண்ணாடிகள் வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சமும், பக்கக் கண்ணாடிகள் வழியாக 50 சதவீத வெளிச்சமும் செல்ல வேண்டும். 27-4-2012 அன்று உச்ச நீதிமன்றம் எந்த ஃபிலிமும் ஒட்டக்கூடாது என்றது. பின்னர் விதி திருத்தப்பட்டது. அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், அளவுக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டலாம் என்றது. ஆனால் அந்த 70, 50 அப்படியேதான் இருக்கின்றன.

குமாஸ்தா கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 75 சதவீத வெளிச்சம் விடும் கண்ணாடியில் 70 சதவீத ஃபிலிமை ஒட்டினால், உள்ளே போவது 52.5 சதவீதம்தான். பக்கத்துக்குத் தேறும், முன்கண்ணாடிக்குத் தேறாது. கடையில் சொல்லும் எண் ஃபிலிமுக்கு மட்டும். சட்டம் பார்ப்பது இரண்டும் சேர்ந்த கணக்கை.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. தேரடிப் பக்கம் சாலையைக் கடக்கும் நம் வயதுக்காரர்கள் பார்ப்பது காரை அல்ல, ஓட்டுபவரின் முகத்தை. அவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தால்தான் கால் எடுத்து வைக்கிறோம். கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் எதை நம்பி நடப்பது? வயதானவர் ஓட்டினாலும் சிரமம்தான். இரவில் நம் கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாகத் தேவை. ஃபிலிம் அதையும் குறைக்கிறது.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்நாட்டுச் செய்திகளைப் படிக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. அங்கே 2017 ஜனவரி முதல் முன்கண்ணாடிக்கும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளுக்கும் 70 சதவீதம் கட்டாயம். மீறினால் 135 யூரோ அபராதம். லைசென்ஸில் மூன்று புள்ளிகளும் போகும். பின் இருக்கைப் பக்கம் அவரவர் விருப்பம். ஓட்டுபவரின் முகம் தெரிந்தால் போதும் என்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

வெயிலுக்கு என்ன செய்வது? வண்டி நிற்கும்போது மறைப்பு வைக்கலாம், எடுக்கும்போது கழற்றிவிடலாம். புது வண்டி வாங்குவோர், வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி கம்பெனியிலேயே பொருத்தி வருகிறதா என்று கேட்கலாம்.

போலீசாருக்கும் ஒரு வேண்டுகோள். வெளிச்சத்தை அளக்கும் கருவியைக் கையில் கொடுங்கள். கண் மதிப்பில் அபராதம் போட்டால் தகராறுதான் வரும். உச்ச நீதிமன்றம் விலக்குக்கு இடம் விட்டது இசட், இசட் பிளஸ் பாதுகாப்பு உள்ளவர்களுக்குத்தான். கட்சிக் கொடி கட்டிய வண்டிக்கு அல்ல. முதலில் அந்த வண்டிகளை நிறுத்தி அளந்து காட்டுங்கள். மற்றவர்கள் தாமாகவே ஃபிலிமை உரித்துவிடுவார்கள்.