பூங்கா யாருக்கு? திடல் யாருக்கு?

ஓர் ஊரின் ஏழைக் குழந்தைகள் மாலை ஐந்து மணிக்கு எங்கே விளையாடுகின்றனர்? நகராட்சியின் நேர்மையை அறிய விரும்புவோர் கேட்க வேண்டிய முதல் வினா இதுவே. குடிநீருக்கும் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் நாம் மனுக் கொடுக்கிறோம். வேண்டுமானால் மறியலும் செய்கிறோம். பூங்கா வேண்டும், திடல் வேண்டும் என்று கேட்டுத் தெருவில் இறங்குவோர் அரியர். அவை வசதியுள்ளோர்க்கு உரிய அலங்காரம் என்ற எண்ணம் ஆள்வோரிடம் மட்டுமன்றி நம்மிடமும் ஊறிக் கிடக்கிறது. அந்த எண்ணத்தால் இழப்பவர்கள் ஏழைகளே என்பதைப் புதுவையின் குருசுக்குப்பத்தைச் சான்றாக வைத்துச் சொல்ல விழைகிறேன்.

புதுவைக்குப் பூங்காக்கள் புதியன அல்ல. பிரெஞ்சுக்காரர் 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இன்றும் வேளாண் துறையின் பொறுப்பில் இருக்கிறது. 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய கோட்டை இருந்த பகுதியில் இன்று பாரதி பூங்கா நிழல் தருகிறது. அதன் நடுவே மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்ட ஆயி மண்டபம் நிற்கிறது. தன் மாளிகையை இடித்துவிட்டு, அவ்விடத்தில் மக்களுக்குக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதை அம்மண்டபத்தோடு இணைந்தது. தன் இடத்தைப் பொதுவுக்குத் தந்தவளுக்கு நினைவுச்சின்னம் எழுப்பிய ஊர் இது. அந்த ஊரில் பொது இடம் எல்லார்க்கும் ஒத்த அளவில் கிடைத்ததா என்று கேட்பது தவறாகாது.

குருசு என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கிய குருசுக்குப்பம், கடற்கரைச் சாலை முடியும் இடத்துக்கு வடக்கே கடலையொட்டிக் கிடக்கும் மீனவர் ஊர். அங்கு திடல் என்று தனியே ஒன்றை யாரும் கட்டித் தரவேண்டிய தேவை ஒருகாலத்தில் இருந்ததில்லை. மணற்கரையே திடல். கட்டுமரம் ஏற்றவும் வலை உலர்த்தவும் கருவாடு காய வைக்கவும் பயன்பட்ட அதே மணலில்தான் பிள்ளைகள் கபடி ஆடினர். முதியோர் காற்று வாங்கினர்.

அந்த மணலைக் கடல் மட்டும் தனியே கொண்டுபோய்விடவில்லை. ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் 1986 முதல் 1989 வரை துறைமுகம் ஒன்று கட்டப்பட்டது. நம் கீழைக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை கரைந்தது. தேங்கும் மணலைக் குழாய் வழியாக வடக்கே அனுப்புவது திட்டத்திலேயே இருந்த ஏற்பாடு. அது முறையாக நடைபெறவில்லை. கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. அரிப்பு குருசுக்குப்பத்தையும் வைத்திக்குப்பத்தையும் சோலை நகரையும் கடந்து, கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எனத் தமிழகத்துக் கடலூர்களையும் தொட்டது.

2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது கற்சுவர் நகரைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கருங்கல் குவியலின்மீது எந்தக் குழந்தை ஓடி விளையாடும்? ஒரு துறையின் கட்டுமானம் ஒரு குப்பத்தின் திடலை விழுங்கிற்று. வீட்டை எடுத்தால் இழப்பீடு உண்டு, நிலத்தை எடுத்தால் இழப்பீடு உண்டு. விளையாடும் இடத்தை எடுத்தால் ஈடு கேட்க வழியேது? அதை இழப்பாகவே யாரும் எழுதி வைக்கவில்லையே!

2018-இல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகுத் திட்டு ஒன்றை அமைத்தது. நகரின் முகப்பில் மணல் திரும்பியது. நல்ல செயல், பாராட்டுக்குரியது. இழந்த மணலை அறிவியலால் மீட்க இயலும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் எங்கே முதலில் மீட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். சுற்றுலாப் பயணி நிற்கும் இடம் முதலிலும், மீனவனின் பிள்ளை நிற்கும் இடம் பின்னாலும் வருகின்ற வரிசை நமக்குப் பழக்கமானதுதான்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். “குப்பத்தாருக்குக் கடல் இருக்கிறதே, பூங்கா எதற்கு?” என்பது ஒன்று. கடல் அவர்களுக்குத் தொழிற்களம். அலுவலகத்தில் வேலை செய்கிறவரிடம், உமக்கு அலுவலகம் இருக்கிறதே, பூங்கா எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. “முதலில் வீடும் வேலையும் கொடுப்போம், விளையாட்டைப் பிறகு பார்ப்போம்” என்பது மற்றொன்று. இது இரக்கம்போல் ஒலிக்கும், உண்மையில் கொடியது. பெரிய வீட்டுப் பிள்ளைக்கு முற்றம் உண்டு, மொட்டைமாடி உண்டு. ஒற்றை அறையில் ஐவர் வாழும் வீட்டுப் பிள்ளைக்குத் தெருமுனைத் திடல்தான் முற்றம். வீடு சிறுத்த அளவுக்குப் பொது இடம் பெருக வேண்டும். நாம் செய்வதோ இதற்கு நேர்மாறு.

இது சலுகையன்று, சட்டம். 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை நகராட்சிப் பணிகளின் பட்டியலில் வைத்துள்ளது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, உச்ச நீதிமன்றம் 1991-இல் அதைச் செல்லாது என்று தீர்த்தது. மருத்துவமனை என்ற நல்ல காரணம்கூட மக்களின் திறந்த வெளியைப் பறிக்கப் போதாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். நடுவண் அரசின் நகரமைப்பு வழிகாட்டி ஐயாயிரம் பேருக்கு அரை எக்டேர் பூங்கா வேண்டும் என்கிறது.

சட்டம் இருக்கிறது, கேட்கும் வாய்தான் இல்லை. புதுவையில் 1968-க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். அவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடக்காமல் நின்றுபோயிற்று. தெருமுனை ஊஞ்சல் அறுந்தால் யாரிடம் சொல்வது? சட்டமன்ற உறுப்பினருக்கு மேம்பாலம் பெரிது; அதிகாரிக்குக் கோப்பு பெரிது. அறுந்த ஊஞ்சல் பெரிதாகத் தோன்றுவது அந்தத் தெருவின் வாக்கால் வென்ற வார்டு உறுப்பினருக்கு மட்டுமே.

பூங்காத் துறையின் உண்மையான பணி திறப்பு விழாவன்று முடிவதில்லை; மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. தண்ணீர் ஊற்ற ஒரு தோட்டக்காரர், பூட்டைத் திறக்க ஒரு காவலர், எரியும் ஒரு விளக்கு, பெண்கள் அஞ்சாமல் செல்லத்தக்க ஒரு கழிப்பறை, துருப்பிடித்த சறுக்கு மரத்தை மாற்ற ஒரு சிறு தொகை. கல்வெட்டில் பெயர் பொறிக்க இவற்றுக்கு இடமில்லை; எனவே நிதியும் வருவதில்லை.

செல்வம் இல்லாததால் இது நடக்கவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். உலகப் போரால் நொந்துபோயிருந்த ஆம்ஸ்டர்டாம் நகரம் 1947-இல் ஒரு சதுக்கத்தில் மணற்குழி, சில இரும்புக் கம்பிகள், சில பெஞ்சுகள் ஆகியவற்றோடு சிறுவர் திடல் ஒன்றை அமைத்தது. வடிவமைத்தவர் ஆல்டோ வான் ஐக் என்னும் இளம் கட்டடக் கலைஞர். எங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று மக்கள் கடிதம் எழுதினர். காலி மனைகளிலும் தெரு மூலைகளிலும் எழுநூற்றுக்கு மேற்பட்ட திடல்கள் எழுந்தன. நம் புதுவையிலேயே மாலையில் கடற்கரைச் சாலையை வாகனங்களுக்கு அடைத்து, மக்கள் நடக்க விடுகிறார்கள். ஒரு தடுப்புக் கம்பியின் செலவில் ஒரு சாலை பூங்காவாகிறது! அதே கம்பியை ஞாயிறு மாலையில் குப்பத்துத் தெரு ஒன்றின் முனையில் வைக்கத் தடை என்ன?

இனி நம்மைப் பற்றியும் பேசவேண்டும். நகரங்களின் பாதுகாப்பான பகுதிகளில் அழகிய பசுமை வெளிகளும், எளியோர் வாழும் மறைவான பகுதிகளில் வெறுமையும் இருப்பதை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலில் வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார். அம்மடலைப் பற்றி நாம் கருத்தரங்குகள் நடத்தினோம். ஆனால் நம் பள்ளிகள் பலவற்றின் திடல்கள் மாலை நான்கரைக்குப் பூட்டப்படுகின்றன. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்தின் கதவும் சாத்தப்படுகிறது. அடுத்த தெருப் பிள்ளைகள் சுவரேறிக் குதித்தால் நாம் அவர்களைத் திருடரைப்போல் விரட்டுகிறோம். கைவிடப்பட்ட சிறுவர்களைத் தூரின் நகரில் ஒன்று சேர்த்த புனித தொன் போஸ்கோ, சிற்றாலயத்தை ஒட்டியே விளையாடும் இடத்தையும் வைத்தார். அவர் திருவிழாவைக் கொண்டாடிவிட்டுத் திடலைப் பூட்டுவது எந்த வகைப் பக்தி?

சேதம் வரும், கண்ணாடி உடையும், பொறுப்பு யாருக்கு என்பார்கள். உடைந்த கண்ணாடியை மாற்றிவிடலாம். உடைந்த பிள்ளைப்பருவத்தை மாற்ற முடியாது. பங்குப் பேரவையில் இருவர் முறைவைத்து நின்றால், மாலை ஐந்து முதல் ஏழு வரை எந்தத் திடலையும் திறந்து வைக்கலாம். சாதி, சமயம் கேளாமல் திறக்க வேண்டும்.

ஆகவே கேட்போம். குருசுக்குப்பம் முதல் சோலை நகர் வரை கரையிழந்த ஒவ்வொரு குப்பத்துக்கும், இழந்த மணலுக்கு ஈடாக ஒரு திடல் வேண்டும். அதைப் பராமரிக்க ஆண்டுதோறும் நிதி வேண்டும். கேள்வி கேட்கத்தக்க உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க நகராட்சித் தேர்தல் வேண்டும். இம்மூன்றையும் அரசிடம் கேட்கச் செல்லுமுன், நம் கையிலுள்ள சாவியால் நம் கதவைத் திறந்துவிட்டுச் செல்வோம். அப்போதுதான் நம் மனுவுக்கு எடை இருக்கும்.