பொறுத்துக்கொள் என்னும் சிகிச்சை

கர்நாடகத்து மகப்பேற்று அறைகளை அறிந்தவர்களுக்குப் பழகிப்போன தொடர் ஒன்று உண்டு: 'ஸ்வல்ப தட்கொள்ளம்மா.' தமிழில் அதுவே 'கொஞ்சம் பொறுத்துக்கோம்மா' ஆகிறது. காப்பர் டி பொருத்தும்போதும், கருச்சிதைவுக்குப் பின் கருப்பையைச் சுத்தம் செய்யும்போதும், கருப்பை வாயிலிருந்து சோதனைக்காகச் சதைத்துணுக்கு எடுக்கும்போதும், பிரசவத்துக்குப் பின் தையல் போடும்போதும் இதே தொடர்தான். கனிவோடு சொல்லப்படலாம், எரிச்சலோடும் சொல்லப்படலாம். சொல்பவர் பெரும்பாலும் இன்னொரு பெண். பல் பிடுங்க வருபவரிடம் எவரும் இப்படிச் சொல்வதில்லை. ஊசி போட்டு, ஈறு மரத்துவிட்டதா என்று தட்டிப் பார்த்த பிறகே அங்கு இடுக்கி வாய்க்குள் போகிறது.

இவ்வேறுபாட்டுக்கு வசதிக் குறைவே காரணம் என்று சொல்லி முடிப்பது வழக்கம். அது பாதி உண்மை. பெண்ணின் வலியைக் குறைப்பதும் பெண்ணின் விருப்பத்தைக் கேட்பதும் இரண்டு தனித்தனிச் சலுகைகளாக நம் மருத்துவ நடைமுறையில் பிரிந்து கிடப்பது மீதிப் பாதி. ஒன்று கிடைக்கும் இடத்தில் மற்றொன்று கிடைப்பதில்லை. பல இடங்களில் இரண்டுமே இல்லை. இந்தியாவில் நடந்த இருவகை நிகழ்வுகளை அருகருகே வைத்தால் இப்பிரிவினை புலப்படும்.

முதல் வகை முகாம்களைச் சேர்ந்தது. 2012 ஜனவரியில் பிகாரின் அரரியா மாவட்டத்தில், கபர்போரா என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், இரவு நேரத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் 53 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்யப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு இரண்டே கால் நிமிடம். மரப்பு ஊசி போட்டபின் தோலும் தசையும் உணர்விழக்கவே சில நிமிடங்கள் வேண்டும். ஆகவே அந்தக் கணக்கிலேயே வலி சேர்ந்திருக்கிறது; அதைத் தனியாக யாரும் ஏவ வேண்டியதில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்ட முகாமில் பலர் இறந்தார்கள். தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பர் 14 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் முகாம் முறையையே கைவிட வேண்டும் என்றது. ஆனால் 2022 நவம்பரில் பிகாரின் ககாரியா மாவட்டத்திலிருந்து மீண்டும் செய்தி வந்தது. மயக்க மருந்து இல்லாமலேயே அறுவை செய்யப்பட்டதாகவும், அலறியபோது கைகால்களை அழுத்திப் பிடித்ததாகவும் அங்கிருந்த பெண்கள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். அவர்கள் அறுவைக்கு ஒப்புக்கொண்டே வந்தவர்கள். மரத்துப்போகாத உடம்பில் கத்தி வைப்பதற்கு ஒப்புக்கொண்டவர்கள் அல்லர். ஒப்புதல் படிவத்தில் அந்த வேறுபாட்டைக் குறிக்க இடமில்லை.

இரண்டாம் வகை முற்றிலும் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 1995 மே மாதத்தில் டெல்லியின் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு, நீடித்த மாதவிடாய்ப் போக்குக்காக 44 வயதான திருமணமாகாத பெண் ஒருவர் சென்றார். நோயறிவதற்கான லேப்ராஸ்கோப்பிக்காக அவருக்கு முழு மயக்கம் கொடுக்கப்பட்டது. வலி இல்லை, மருந்து தன் வேலையைச் செய்தது. அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியே காத்திருந்த தாயிடம் கையொப்பம் பெற்று, கருப்பையும் இரு சினைப்பைகளும் அகற்றப்பட்டன. விழித்தெழுந்த பிறகே அவருக்குத் தெரிந்தது. சமீரா கோஹ்லி வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். தேசிய நுகர்வோர் ஆணையம் அவருடைய முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி எழுதியது. நோயறியும் செயலுக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தானே முடிவெடுக்கக்கூடிய வயது வந்த பெண்ணுக்காகத் தாய் ஒப்புதல் தர முடியாது என்றது. இழப்பீடாக வழங்கப்பட்டது 25,000 ரூபாய். அந்தத் தொகையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

ககாரியாவின் பெண்களுக்கு விழிப்பு இருந்தது, மருந்து இல்லை. டெல்லிப் பெண்ணுக்கு மருந்து இருந்தது, விழிப்பு இல்லை. வலி நீக்கம் கிடைத்துவிட்டால் பெண்ணின் உரிமையும் தானே கிடைத்துவிடும் என்று எண்ணுபவர்கள் இரண்டாவது நிகழ்வைத் திரும்பப் படிக்க வேண்டும். நகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் 'டி அண்ட் சி' போன்ற சிறு செயல்களுக்கும் நரம்பு வழியே மருந்தேற்றித் தூங்க வைப்பது இயல்பாகிவிட்டது. பல பெண்கள் அதையே விரும்புவார்கள், அதில் குறையில்லை. விழித்திருந்து, இடத்தை மட்டும் மரக்கச் செய்துகொள்ளவும் வழியுண்டு என்று அவர்களிடம் யாரேனும் சொல்கிறார்களா என்பதே கேள்வி. பொது மருத்துவமனையில் மயக்கம் கேட்க முடியாது, தனியாரில் மறுக்க முடியாது. விலைப்பட்டியல் தீர்மானிப்பதை விருப்பம் என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் அநீதி.

சட்டத்தின் நிலையும் இங்கே முழுமையாகத் துணைநிற்கவில்லை. சமீரா கோஹ்லி தீர்ப்பு, செயலின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழிகள், கணிசமான அபாயங்கள், மறுத்தால் வரும் விளைவுகள் ஆகியவற்றை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. 'எவ்வளவு வலிக்கும், அதற்கு என்னென்ன செய்யலாம்' என்பது அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. மேலும், எவ்வளவு தகவல் போதுமானது என்பதற்கு அந்தத் தீர்ப்பு வைத்த அளவுகோல் மருத்துவ சமூகத்தின் வழக்கம். அதாவது, பொறுப்புள்ள மருத்துவர்கள் பொதுவாக எதைச் சொல்வார்களோ அதைச் சொன்னால் போதும். இதிலுள்ள சிக்கல் எளிதில் விளங்கும்: எந்த மருத்துவரும் வலியைப் பற்றிப் பேசாத நாட்டில் பேசாமலிருப்பதே தரமாகிவிடும். பிரிட்டன் 2015இல் மாண்ட்கமரி வழக்கில் இந்த அளவுகோலைக் கைவிட்டது. நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவர் எதை முக்கியமாகக் கருதுவாரோ அதைச் சொல்ல வேண்டும் என்பது அங்கே இப்போதைய சட்டம். அதுவும் ஒரு பிரசவ வழக்குதான் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

கருப்பை வாயில் உணர்ச்சி குறைவு, ஆகவே வலிக்காது என்ற பழைய நம்பிக்கை இன்னும் சில வகுப்பறைகளில் உலவுகிறது. உடற்கூறியல் வேறு சொல்கிறது. கருப்பை வாயின் வலி முதுகெலும்பின் அடிப்பகுதியிலுள்ள இரண்டாம், மூன்றாம், நான்காம் திரிக நரம்புகள் வழியே செல்கிறது. கருப்பையின் மேற்பகுதியின் வலி, மார்பின் கீழ்ப்பகுதி நரம்புகள் வழியே வேறு பாதையில் செல்கிறது. ஆகவே கருப்பை வாயைச் சுற்றிப் போடும் லிக்னோகெய்ன் ஊசி, வாயை இடுக்கியால் பிடிக்கும்போதும் விரிக்கும்போதும் வரும் வலியைத் தணிக்கும்; கருப்பை சுருங்கி இழுக்கும் வலியை அதே அளவுக்குத் தொடாது. அதற்கு இபுபுரூஃபென் போன்ற மாத்திரையை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மேசையில் படுத்த பிறகு கொடுக்கும் மாத்திரை வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் வேலை செய்யும். இயல்பான பிரசவம் நிகழாதவர், மாதவிடாய் நின்றவர், எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர், பாலியல் வன்முறைக்கு ஆளானவர் ஆகியோருக்கு ஒரே கருவி ஒரே அளவு வலியைத் தருவதில்லை. சராசரி நோயாளியை மனத்தில் வைத்துச் சொல்லும் 'லேசா இழுக்கும், அவ்வளவுதான்' இவர்களிடம் பொய்யாகிறது. பொய் சொன்னவரிடம் அடுத்த முறை அவர்கள் வருவதில்லை.

பிற நாடுகளிலும் இது அண்மையில்தான் எழுத்து வடிவம் பெற்றது. புறநோயாளிப் பிரிவில் செய்யும் ஹிஸ்டராஸ்கோப்பியின் வலி குறித்து நோயாளிகளே நடத்திய நீண்ட இயக்கத்துக்குப் பின், பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2023இல் வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது. கருப்பைக்குள் சாதனம் பொருத்துமுன் ஒவ்வொருவரிடமும் வலி பற்றிப் பேச வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் பரிந்துரைத்தது. இவற்றைவிடக் கற்றுத் தருவது யேல் பல்கலைக்கழகக் கருத்தரிப்பு மையத்தில் நடந்ததுதான். 2020இல் செவிலியர் ஒருவர் ஃபென்டனில் குப்பிகளிலிருந்து மருந்தைத் திருடி உப்புநீரை நிரப்பி வைத்தார். சினைமுட்டை எடுக்கும்போது வலி தாங்க முடியவில்லை என்று பெண்கள் மாதக்கணக்கில் சொன்னார்கள். குப்பியை யாரும் சந்தேகிக்கவில்லை. பெண்களின் சொல்லையே சந்தேகித்தார்கள். வலி பற்றிய கூற்றைச் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருந்திருந்தால் திருட்டு முதல் வாரத்திலேயே பிடிபட்டிருக்கும்.

இனி மைசூருக்கு வரலாம். அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனைக்கான மையங்களை 1930இலேயே திறந்த அரசு மைசூர் சமஸ்தானம். உலகின் பிற அரசுகள் அச்சொல்லை உச்சரிக்கத் தயங்கிய காலம் அது. பெண் தன் உடல் பற்றி முடிவெடுக்க அரசு துணைநிற்கலாம் என்ற எண்ணத்துக்கு இந்த நகரம் தாய்வீடுகளில் ஒன்று. பிற்காலத்தில் அவ்வெண்ணம் எங்கே வந்து நின்றது என்பதை ஒரு எண்ணே சொல்லிவிடும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் மணமான பெண்களில் 57.4 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கருத்தடையின் வலி முழுவதும் ஒரு பாலின் உடம்பில் இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் அந்த வலியைக் குறைப்பது திட்டத்தின் முதற்செலவாக இருந்திருக்க வேண்டும்.

மைசூரின் மருத்துவமனைகளுக்கு மண்டியாவிலிருந்தும் சாமராஜநகரிலிருந்தும் குடகிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்த கொள்ளேகாலத்திலிருந்து வருபவர்களில் தமிழ் பேசுவோர் உண்டு. ஹெக்கடதேவனகோட்டையின் காடுகளை ஒட்டிய ஊர்களிலிருந்து ஜேனு குருபப் பெண்கள் வருகிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் ஆங்கிலத்திலோ அலுவலகக் கன்னடத்திலோ அச்சிட்ட ஒரே படிவத்தை நீட்டினால், கைநாட்டு கிடைக்கும், ஒப்புதல் கிடைக்காது. இன்னொரு வழக்கமும் கேள்விக்குரியது. வயது வந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு அவருடைய ஒப்புதல் மட்டும் போதும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கருத்தடை அறுவைக்குக் கணவரின் ஒப்புதல் தேவையில்லை என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. இருந்தும் 'வீட்டுக்காரர் வந்திருக்காரா?' என்ற கேள்வி நிற்பதில்லை. கையொப்பம் போட வந்தவரிடமே மயக்க மருந்து வேண்டுமா, வேண்டாமா என்றும் கேட்கப்படுகிறது. செலவு அவருடையது என்பதால் வலியும் அவருடையதாகிவிடுமா?

மயக்கவியல் மருத்துவர்கள் போதவில்லை என்ற மறுப்பு நேர்மையானது. பிரசவ வலிக்கு எபிடியூரல் கொடுப்பதற்கு இரவும் பகலும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். தாலுகா மருத்துவமனையில் இன்று அது இயலாது. கேட்கும் பெண்ணுக்கு எபிடியூரல் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்திருப்பதைக் கொண்டு அந்த மருத்துவமனையின் செவிலியரைக் குற்றம் சாட்டுவதில் பொருளில்லை. ஆனால் இக்கட்டுரை பேசும் செயல்களில் பெரும்பாலானவற்றுக்கு மயக்கவியலர் தேவையே இல்லை. லிக்னோகெய்ன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. கருப்பை வாய் ஊசியைப் பயிற்சி பெற்ற மகப்பேறு மருத்துவரே போடலாம். உறிஞ்சுகுழாய் முறையில் கருப்பையைச் சுத்தம் செய்தால், சுரண்டி எடுப்பதைவிட வலியும் காயமும் குறைவு. நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்த என்டோனாக்ஸ் வாயுவின் முகமூடியைப் பெண்ணே தன் கையில் பிடித்திருக்கிறார்; வலி வரும்போது இழுப்பார், அயர்ந்தால் கை தானே நழுவிவிடும். பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு அது. மருந்தின் அளவு நோயாளியின் கையில் இருக்கும் அந்த அமைப்பு, பல ஒப்புதல் படிவங்களைவிட நேர்மையானது.

செலவே இல்லாதவையும் உண்டு. ஸ்பெக்குலத்தை வெதுவெதுப்பாக்குவது, சிறிய அளவைத் தேர்வது, தானே செலுத்திக்கொள்ள விரும்பும் பெண்ணை அனுமதிப்பது, 'நிறுத்துங்கள்' என்றால் நிறுத்துவது. கடைசியாகச் சொன்னதுதான் கடினம். தொடங்கிய செயலைப் பாதியில் நிறுத்துவது தோல்வி என்றே இளநிலை மருத்துவர் பயிற்றுவிக்கப்படுகிறார். ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையைத் தேர்வுத்தாளில் சரியாக எழுதும் அதே மாணவர், மறுநாள் புறநோயாளிப் பிரிவில் 'ஆச்சு, முடிஞ்சுடுச்சு' என்று சொல்லியபடி தொடர்கிறார்.

மைசூரிலேயே வேறு வகையான முயற்சியும் நடந்திருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி சோதனைக்குப் பெண்களே தம் மாதிரியை எடுத்துக்கொள்வது குறித்து, இங்குள்ள இந்தியப் பொது சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களிடையே ஆய்வு செய்திருக்கிறது. மேசை இல்லை, ஸ்பெக்குலம் இல்லை. ஒரு சிறு தூரிகை, ஒரு குழாய், சில நிமிடத் தனிமை. முடிவு இயல்பாக இருந்தால் அதோடு சரி. தொற்று இருப்பதாகத் தெரிந்தால் அடுத்த படி கால்போஸ்கோப்பி, தேவைப்பட்டால் சதைத்துணுக்கு. அங்கே மீண்டும் அதே மேசை. அதில் ஏறும் பெண்ணிடம், மரப்பு ஊசி வேண்டுமா என்று கேட்டதற்கும் அவர் சொன்ன பதிலுக்கும் நோயாளிக் குறிப்பேட்டில் இன்றுவரை ஒரு கட்டம் இல்லை.