வசையில் சமபங்கு

“அவங்க மட்டும் சொல்லிக்கலாம், நாங்க சொன்னா கேஸா?” டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அடிக்கடி கேட்கும் கேள்வி. கோயிலிலும் சுடுகாட்டிலும் சமபங்கு பற்றி வாய் திறக்காதவர்களுக்கு சாதி வசைச்சொல்லில் மட்டும் சமபங்கு வேண்டியிருக்கிறது.

1893இல் தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் ‘பறையன்’. ஊர் எந்தச் சொல்லை எறிந்ததோ அதையே முகப்பில் அச்சடித்தார். பெயரை ஒளித்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்பது அவர் கட்சி. அந்தப் பெயருக்காக அடிபட்ட கூட்டத்திலிருந்து வந்தவர் வைத்ததால் அது அறைகூவல். அக்ரகாரத்திலிருந்தோ மேலத்தெருவிலிருந்தோ ஒருவர் வைத்திருந்தால் வெறும் நக்கல்.

அதே கூட்டத்திலிருந்து வந்த சிந்தனையாளர் அயோத்திதாசர் இதை ஏற்கவில்லை. பகைவர் சுமத்திய பெயரை நாம் ஏன் தூக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1907இல் தாம் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். இருவரும் மைத்துனர்கள் வேறு! ஆக, உள்ளேயிருந்து சொன்னாலும் உள்ளே இருப்பவருக்கு வலிக்கலாம். ஆனால் அது அவர்கள் வீட்டு வழக்கு. “பாருங்க, அவங்களுக்குள்ளேயே ஒத்துவரல” என்று நடுவில் புகுபவரை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

சட்டத்துக்கும் இது தெரியும். பிறர் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், செய்தவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவரா என்றுதான் முதலில் பார்க்கிறது. “சாதிப் பெயர்தானே, வசை எப்படி ஆகும்?” என்ற சாமர்த்தியமும் செல்லாது. வட இந்தியப் பட்டியல் சாதி ஒன்றின் பெயரான ‘சமார்’ என்று ஒருவரை அழைத்தது தொடர்பான டெல்லி வழக்கொன்றில், இன்று அந்தச் சொல் அவமதிக்கவும் பயன்படுகிறது, மக்கள் வழக்கில் அதற்குள்ள பொருளையே பார்க்க வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு அந்தச் சமூகத்திலேயே பிறந்த, பஞ்சாபின் ஜலந்தரைச் சேர்ந்த இளம் பாடகி கின்னி மஹி அதே சொல்லை வைத்து ‘டேஞ்சர் சமார்’ என்று பாடினார்; ரசிகர்கள் கொண்டாடினார்கள். எந்த முரணும் இல்லை.

கடைசித் துருப்பு ஒன்று உண்டு: “என் நண்பனை அப்படித்தான் கூப்பிடுவேன், சிரிப்பான்.” சிரிக்கட்டும். நாளைக்கும் அதே அலுவலகத்தில், உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டியவன், வேறென்ன செய்வான்? மெய்யாகவே அவனுக்கு வலிக்கவில்லை என்றாலும், பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டு அதைக் கேட்ட முன்பின் தெரியாதவருக்கும் சேர்த்து அவன் சம்மதம் எழுதித் தரவில்லையே.