போன மாசம் போட்ட ரோடு முதல் மழையிலேயே பெயர்வது ஏன்? தார்ச்சாலை போட சரியான சீசன் எது?

செப்டம்பர் வந்துவிட்டால் சென்னையின் பல ஏரியாக்களில் ஒரே காட்சிதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ரோலர் சத்தம், தார் வாசனை, தடுப்பு வைத்து மறிக்கப்பட்ட தெரு. 'மழைக்கு முன்னாடி முடிச்சுடணும்' என்ற அவசரம். நவம்பரில் அதே தெருவுக்குப் போனால் ஜல்லி தனியாகச் சிதறிக் கிடக்கும். "எல்லாம் கமிஷன்தான்" என்று சொல்லிவிட்டு மக்கள் வண்டியை வளைத்து ஓட்டிப் போய்விடுகிறார்கள்.

முறைகேடு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நல்ல ஜல்லி, நல்ல தார், சரியான அளவு என எல்லாம் இருந்தும், தப்பான நேரத்தில் போட்டால் சாலை நிற்காது. இது வெறும் குலுங்கல் பிரச்னையும் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் சாலைப் பள்ளங்களால் நடந்த விபத்துகளில் நாடு முழுவதும் 1,856 பேர் உயிரிழந்திருக்கிறார்கள்.

தாருக்கும் தண்ணீருக்கும் என்ன பகை?

நாம் தார் என்று சொல்வது உண்மையில் பிட்டுமென். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் மிஞ்சும் கறுப்புப் பிசின். பழைய காலத்தில் நிலக்கரியிலிருந்து எடுத்ததுதான் நிஜத் தார். பொருள் மாறிவிட்டது, பெயர் மட்டும் நம்ம வாயில் ஒட்டிக்கொண்டது.

சாலைக் கலவையில் தாரின் வேலை ஜல்லிகளை ஒட்டிப் பிடிப்பது. சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான ஜல்லிக்கு தாரைவிட தண்ணீர் மேல்தான் பாசம் அதிகம். கல்லுக்கும் தாருக்கும் நடுவில் ஈரம் புகுந்தால், கல் தாரை விட்டுவிட்டு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மேலே லாரியும் பஸ்ஸும் ஓட ஓட, உள்ளே சிக்கிய தண்ணீர் அழுத்தத்தோடு அங்கும் இங்கும் பீய்ச்சும். முதலில் மேலே உள்ள பொடிக்கல் உதிரும், பிறகு ஜல்லி பெயரும், கடைசியில் குழி.

இன்னொரு இடமும் இருக்கிறது. பழைய சாலைக்கும் புதிய அடுக்குக்கும் நடுவில் பசை மாதிரி ஒரு எமல்ஷன் தெளிப்பார்கள். இதற்கு 'டேக் கோட்' என்று பெயர். தெளிக்கும்போது பழுப்பாக இருக்கும். அதில் உள்ள தண்ணீர் பிரிந்து கறுப்பாக மாறிய பிறகுதான் மேலே கலவையைக் கொட்டணும். கீழே ஈரமோ தூசியோ இருந்தால் இந்தப் பசை பிடிக்காது. புது ரோடு அப்பளம் மாதிரி தகடு தகடாக உரிந்து வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விதி என்ன சொல்கிறது?

மத்திய அமைச்சகத்தின் சாலைப் பணி விதிமுறைகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. தரையில் தண்ணீர் தேங்கி நின்றால், மழை, மூடுபனி அல்லது புழுதிக்காற்று இருந்தால், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், காற்று மணிக்கு 40 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் தார் போடும் வேலையை நிறுத்தணும். சென்னைவாசிகளுக்கு 10 டிகிரி விதி வேடிக்கையாகத் தெரியலாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டியில் அது நிஜமான விஷயம்.

குளிரும் காற்றும் ஏன் பிரச்னை? எல்லாம் சூட்டுக் கணக்குதான். வழக்கமான வி.ஜி. 30 ரகத் தாரில் செய்த கலவை பிளான்ட்டில் 150 முதல் 165 டிகிரி வரை சூடாக இருக்கணும். சாலையில் கொட்டும்போது குறைந்தது 140 டிகிரி. 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்திருக்கணும். ஆறிப்போன கலவை மேல் எத்தனை தடவை ரோலர் ஓட்டினாலும் அது இறுகாது. இறுகாத இடத்தில் காற்று இடைவெளி, அந்த இடைவெளியில் மழைத் தண்ணீர்.

கலவை தயாரிக்கும் பிளான்ட் நகரத்துக்கு வெளியே இருக்கும். டிராஃபிக்கில் லாரி மாட்டிக்கொண்டால் வழியிலேயே ஆற ஆரம்பித்துவிடும். ராத்திரியில் வேலை நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மெல்லிய அடுக்கு என்றால் இன்னும் சீக்கிரம் ஆறும். அதன்மேல் ஒரு சின்னத் தூறல் விழுந்தாலே போதும், கதை முடிந்தது.

அப்போ எந்த மாசம் போடணும்?

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஜனவரி பின்பாதி முதல் மே வரை தங்கமான காலம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் வெயில் அடித்தாலும் சாயங்கால இடிமழையை நம்ப முடியாது. ராத்திரி வேலைக்கு அது பெரிய தலைவலி. கன்னியாகுமரி, நீலகிரி, வால்பாறை பக்கம் கதை வேறு. அங்கே ஜூன் மாதமே தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். அதனால் மே மாதத்துக்குள் முடிக்காவிட்டால் அந்த ஆண்டு கைவிட்டுப் போன மாதிரிதான்.

கடும் கோடையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல், மே வெயிலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். போட்ட அடுக்கு சீக்கிரம் ஆறாது. விதிப்படி, கலவை சுற்றுப்புற வெப்பநிலைக்கு ஆறிய பிறகுதான் வண்டிகளை விடணும். அவசரப்பட்டு தடுப்பை எடுத்துவிட்டால் சக்கரத்தடம் பள்ளமாகவே நின்றுவிடும். பஸ் ஸ்டாப், சிக்னல் பக்கத்தில் சாலை அலை அலையாக இருப்பதில் இந்த அவசரத்துக்கும் பங்கு உண்டு.

தெரிந்தும் ஏன் செப்டம்பரில் போடுகிறார்கள்?

இங்குதான் விஷயம் பொறியியலைவிட்டு நிர்வாகத்துக்குப் போகிறது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. நிதி ஒதுக்கீடு, மதிப்பீடு, டெண்டர், பணி ஆணை என்று ஒவ்வொரு மேசையாகக் கடப்பதற்குள் நல்ல வெயில் காலம் ஓடிவிடும். தேர்தல் வருஷமாக இருந்தால் நடத்தை விதிகளால் புதிய டெண்டர் தள்ளிப்போகும். நடுவில் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின் கேபிள் என்று ஆளாளுக்குத் தோண்டுவார்கள். மழை நெருங்கும்போது சாலை வெட்டுக்குத் தடை போடப்படும். அதற்கு முன் எல்லாப் பள்ளத்தையும் மூடி, எல்லாத் தெருவையும் முடிக்கணும் என்ற நெருக்கடி. டெண்டரை முந்தைய ஆண்டின் மழைக்காலத்திலேயே முடித்து வைத்தால் ஜனவரியில் பேவர் இயந்திரத்தை இறக்கிவிடலாம். செய்ய முடியாத காரியம் இல்லை, காலண்டரைத் திருப்பிப் போட்டாலே போதும்.

போட்ட பிறகு?

பராமரிப்பு என்றாலே மறுபடியும் மேலே ஒரு அடுக்கு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அடுக்கு மேல் அடுக்கு போட்டு தெரு உயர்ந்து, வீடு பள்ளத்துக்குப் போனதுதான் மிச்சம். பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டது இதற்காகத்தான்.

உண்மையான பராமரிப்பு சின்ன வேலைகளில் இருக்கிறது. மழைக்கு முன் விரிசல்களை அடைப்பது. சாலையோர மண்ணைச் சரித்து தண்ணீர் வடிகாலுக்கு ஓட வழி விடுவது. வடிகால் அடைத்துக்கொண்டால் எவ்வளவு நல்ல ரோடும் தாங்காது. தேசிய ஊரகச் சாலைத் திட்டமான பி.எம்.ஜி.எஸ்.ஒய்.யில், போட்ட ஒப்பந்ததாரரே 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

மழை நடுவில் குழி விழுந்தால் சூடான கலவைக்காகக் காத்திருக்க முடியாது. அதற்கு சூடாக்காமலே போடக்கூடிய குளிர்கலவை இருக்கிறது. ஆனால் குழியில் நிற்கும் தண்ணீரை இறைத்து, ஓரங்களை நேராகச் சதுரமாக வெட்டி, சுத்தம் செய்த பிறகுதான் போடணும். செங்கல் உடைசலைக் கொட்டி மூடுவது அடுத்த பஸ் வரும் வரைக்கும்தான்.

உங்க தெருவில் வேலை நடந்தால் சிலவற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். லாரி தார்ப்பாய் போட்டு மூடி வந்ததா? கொட்டும் இடம் காய்ந்து, பெருக்கிச் சுத்தமாக இருக்கிறதா? கலவையிலிருந்து நீலப் புகை வந்தால் தார் அளவுக்கு மேல் சூடாகிக் கருகியிருக்கலாம் என்று அர்த்தம். ஆவியே இல்லாமல் கட்டி கட்டியாக விழுந்தால் ஆறிவிட்டது. தூறலிலும் வேலை நடந்தால் அப்போதே நேரத்தோடு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

சென்னை மாநகராட்சி சாலைகளுக்கு 1913 எண்ணில் புகார் செய்யலாம். நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளுக்கு 2023-ல் தொடங்கிய 'நம்ம சாலை' செயலி இருக்கிறது, பள்ளத்தின் படத்தை அதில் நேரடியாக ஏற்றலாம். புகார் செய்வதற்கு முன் அந்தச் சாலை யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் ஓடும் பெரிய சாலை என்பதாலேயே அது நெடுஞ்சாலைத் துறையுடையது ஆகிவிடாது. சென்னையில் பஸ் ஓடும் சாலைகள் பலவும் மாநகராட்சியின் கையில்தான் இருக்கின்றன.